ஊதாக் கோடு

கட்டுப் போட்டு முடித்ததும் மிஸ்ஸி ஒரு வேலை செய்வார். ஈர்க்கு ஒன்றை எடுத்து, வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தில் தோய்த்து, கட்டின் மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார். காலைச் சுற்றிப் போன துணியின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோட்டின் ஒரு துண்டு விழும். வீட்டுக்குப் போய் யாராவது கட்டை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினால் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. அடுத்த முறை வந்து வாங்குப் பலகையில் காலை நீட்டினால் மிஸ்ஸி முதலில் பார்ப்பது புண்ணை அல்ல, கோட்டைத்தான்.

"அவிட்டனீங்களோ?"

"இல்லை மிஸ்ஸி."

"அப்ப கோடு ஏன் படிக்கட்டு மாதிரிக் கிடக்கு?"

"நித்திரையில கால் புரண்டிருக்கும்."

"கால் புரளும். கோடு அவ்வளவு புரளாது. வாயால சொல்லாதேங்கோ, காலைக் காட்டுங்கோ."

வாயால் சொல்ல வேண்டாம், காலைக் காட்டு என்பதை அவர் எல்லோருக்கும் சொல்வார். கிழவருக்கும் சொல்வார், கோயில் ஐயருக்கும் சொல்வார். புண்ணுள்ள மனிதன் பொய் சொல்வான் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. அவர் சந்தேகப்படாத விஷயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நேர்ஸ்மாரை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். ஐம்பது வயது தாண்டிய, மெலிந்த, உயரமான பெண். திருகோணமலைப் பக்கம் என்றார்கள் சிலர், வவுனியா என்றார்கள் வேறு சிலர். தனியாகத்தான் இருந்தார். மூக்கு கொஞ்சம் பெரிது. நாங்கள் கண்ணால் பார்க்கிற சாமான்களை அவர் அந்த மூக்கால்தான் பார்ப்பார். கழற்றிய கட்டுத் துணியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

கிளிநொச்சிப் பட்டணத்துச் சனம் எல்லாம் அக்கராயன் பக்கமும் அதற்கு அப்பாலும் சண்டைக்கு ஓடிவந்து தறப்பாள் கூடாரத்தின் கீழ் கிடந்த காலம் அது. நாங்கள் ஒதுங்கியிருந்த ஊரில் ஒரு பழைய நெல் களஞ்சியம் இருந்தது. வைக்க நெல் இல்லாததால் அதற்குள் இரண்டு வாங்கும் ஒரு மேசையும் பூட்டுப் போட்ட ஓர் அலுமாரியும் வைத்து, நாட்பட்ட புண்காரருக்கு மருந்து கட்டுகிற இடமாக்கியிருந்தார்கள். வெடிப்பட்டவர்களும் செல் விழுந்து காயப்பட்டவர்களும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாதக்கணக்கில் காலில் ஒரு புண்ணோடு இழுபட்டுத் திரிகிற எங்களைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரம் இல்லை. எங்களுக்கு மிஸ்ஸிதான்.

நான் தையல்காரி. மாங்குளம் சந்தியில் கடை வைத்திருந்தேன். இடம்பெயர்ந்தபோது நானும் அக்காவும் வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தையல் மெசினை மட்டும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்த மெசின்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. அதை மிதிக்க எனக்குக் கால் வேண்டும். இடது கணுக்காலுக்கு மேலே புடைத்திருந்த நரம்பு ஒருநாள் சொறிந்து உடைந்து, சின்னப் புண்ணாகி, பிறகு உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. மிதித்தால் நோகும், மிதிக்காவிட்டால் அடுப்பு எரியாது. மிஸ்ஸியின் வாங்கில் நான் போய் இருந்தது அப்படித்தான்.

முதல்நாளே பிடிபட்டேன். வீட்டிலேயே சுற்றிக்கொண்டு போன கட்டுத் துணியைக் கொதித்த தண்ணீரில் கழுவினேன் என்று சொன்னேன். விறகு நனைந்திருந்ததால் குளத்துத் தண்ணீரில் அலம்பிக் காயப்போட்டதுதான் உண்மை. மிஸ்ஸி ஒருமுறை மூச்சிழுத்தார்.

"கொதிச்ச தண்ணியில தாமரை இலை மணக்காது" என்றார். அவ்வளவுதான். வாங்கில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கோட்டு விஷயத்தில் அவரை வெல்லலாம் என்று பிறகு எனக்கு ஒரு துணிவு வந்தது. கோடு போட்ட துணியைத் தையலில் பொருத்துவது என் தொழில். ஒருநாள் அரிப்புத் தாங்காமல் கட்டை அவிழ்த்துச் சுற்றுப்புறத்தைச் சொறிந்துவிட்டு, ஊதாக் கோட்டைத் துண்டுக்குத் துண்டு பொருத்தி அழகாகச் சுற்றிக்கொண்டு போனேன். மிஸ்ஸி காலைப் பார்த்தார். குனிந்து திரும்பவும் பார்த்தார்.

"நடந்துதானே வந்தனீங்கள்?"

"ஓம் மிஸ்ஸி."

"நடந்த காலில கோடு கொஞ்சமெண்டாலும் விலகும். உங்கட கோடு நான் இழுத்ததைவிட நேரா நிக்குது. தையல்காரி எண்டது விளங்குது."

வாங்கு முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது. பொருந்தாவிட்டாலும் குற்றம், பொருந்தினாலும் குற்றம் என்றால் மனிதர் எங்கே போவது?

வாங்கில் ஒரே ஓர் ஆளைத்தான் அவர் சந்தேகப்பட்டதில்லை. அது ராமையா அண்ணன். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, அங்கே கலவரத்தில் வீடு எரிந்தபிறகு வன்னிக்கு வந்து குடியேறியவர். மற்றவர்களின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. மண்வெட்டி பட்ட காயம் தண்ணீரிலேயே ஊறி மாறாமல் நின்றுவிட்டது. மிஸ்ஸி வயலில் இறங்க வேண்டாம் என்றார், அவர் இறங்கவில்லை. வரம்பில் நின்றுகொண்டு மனைவியை இறங்கவிட்டார். கட்டை அவிழ்க்க வேண்டாம் என்றார், அவிழ்க்கவில்லை. நடந்த காலுக்கு எவ்வளவு விலக வேண்டுமோ அவ்வளவுதான் அவருடைய கோடு விலகியிருக்கும். மிஸ்ஸி அந்தக் காலைக் காட்டி எங்களை ஏசுவார்.

"பாருங்கோ, இந்த மனிசன் ஒரு நாளாவது கதை விட்டதோ? சொன்னதைச் செய்யுது."

ராமையா அண்ணன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

இனி மிஸ்ஸியின் போத்தலைச் சொல்ல வேண்டும். அலுமாரிக்குள் தவிட்டு நிறத்தில் பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்று இருந்தது. புண் கழுவுகிற மருந்து அதற்குள்தான். மூடி இடப்பெயர்வில் தொலைந்துபோய், வாயில் தக்கை ஒன்று இறுக்கியிருக்கும். அலுமாரிப் பூட்டின் திறப்பு மிஸ்ஸியின் கழுத்துக் கயிற்றில் தொங்கும். அதை அவர் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. மருந்தைக் கோப்பையில் ஊற்றும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

என் அக்காவுக்கு அதிலே ஒரு கதை இருந்தது. "ஏன் திரும்பி நிண்டு ஊத்திறா? தண்ணி கலக்கிறாவாக்கும். மிச்ச மருந்தை ஆருக்கோ விக்கிறாவாக்கும். இல்லாட்டி இந்தப் பூட்டும் திறப்பும் எதுக்கு?"

நான் அதை மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நம்பினேன். வன்னிக்கு மருந்து வராமல் தடை போட்டு, காய்ச்சலுக்கு ஒரு பனடோல் குளிசை தேடி ஊரெல்லாம் அலைந்த காலத்தில், மருந்துள்ள அலுமாரியின் திறப்பு யார் கழுத்தில் தொங்குகிறதோ அவர்மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கத்தான் செய்தது.

ஒரு மத்தியானம் மிஸ்ஸி சாக்கால் மூடிய வாளி ஒன்றோடு குளக்கட்டின் பின்னால் போவதைக் கண்டேன். இன்றைக்கு ஆளைப் பிடிக்கலாம் என்று நொண்டிக் காலோடு பின்னால் போனேன். அங்கே ஒரு கிடங்கு வெட்டியிருந்தது. வாளியில் இருந்தது எங்கள் புண்ணில் இருந்து கழற்றிய பஞ்சும் கோஸ் துணியும். மிஸ்ஸி அதைக் கொட்டிக் கொளுத்தி, ஒரு தடியால் கிளறிக்கொண்டு, கடைசி நூல் கரியாகும் வரை நின்றார். நாய் கிளறாமல் இருக்கவா, நாங்கள் யாராவது பொறுக்கிக் கழுவித் திரும்பப் பாவிக்காமல் இருக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் நினைத்திருப்பார். திரும்பியபோது செடிப் பற்றைக்குள் என்னைக் கண்டுவிட்டார்.

"விறகு பொறுக்க வந்தனான் மிஸ்ஸி."

"கையில ஒரு சுள்ளியும் இல்லை. என்னைப் பாக்க வந்தனீங்கள்" என்றார். கோபப்படவில்லை. "பாருங்கோ. பாக்கிறது நல்லது. நானெண்டாலும் பாத்திருப்பன்."

அன்றைக்கு முதல்தடவையாக அவரை எனக்குப் பிடித்தது. ஆனாலும் போத்தல் விஷயம் என் மனதைவிட்டுப் போகவில்லை.

கட்டுத் துணி அடியோடு முடிந்தபோது மிஸ்ஸி என்னிடம்தான் வந்தார். வீடு வீடாகப் பழைய பருத்திச் சீலை வாங்கி, நான் அகலம் பார்த்துக் கிழித்து, பெரிய பானையில் அவித்து, கொடியில் காயவிட்டு, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கி, சுருட்டி ஓலைக் கடகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மிஸ்ஸி ஒவ்வொரு சுருளாக எடுத்து மணந்து பார்ப்பார். நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை. திருப்பித் தராமல் விட்டால் நல்லது என்று அர்த்தம். என் துணி பத்துப் பதினைந்து பேரின் காலில் சுற்றியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

மாரி தொடங்கியது. அதோடு பச்சையும் தொடங்கியது.

முதலில் ஒரு கிழவியின் கட்டில் கண்டோம். கோஸ் துணி புண்ணில் இருந்து கழன்று வரும்போது இளம்பச்சையாக ஊறியிருந்தது. நாற்றம் என்று சொல்ல முடியாது. பாலைப்பழம் அளவுக்குமீறிப் பழுத்தால் வருகிற ஓர் இனிப்பு மணம். அடுத்த கிழமை இன்னும் இரண்டு காலில். பிறகு என் காலில். காய்ந்து சிவந்துகொண்டு வந்த புண் திரும்ப ஈரமாகி, ஓரம் வெளிறி, அகலத் தொடங்கியது. பிறகு ராமையா அண்ணனின் காலில்.

மிஸ்ஸி பொலிஸ் ஆனார். யார் குளத்தில் காலை நனைத்தது? யார் இலை அரைத்து வைத்தது? யார் வீட்டில் கட்டுத் துணிக் கொடிக்குக் கீழே கோழி நிற்கிறது? ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு வாங்கு வந்துவிட்டது. கிழவி பக்கத்து ஆளைச் சொன்னா, பக்கத்து ஆள் கிழவியின் பேரனைச் சொன்னார். முன்பு ஒன்றாக இருந்து வெற்றிலை பரிமாறிக்கொண்டவர்கள் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி இருந்தார்கள். யாருடைய காலில் இருந்து தனக்கு வந்தது என்று ஒவ்வொருவரும் மற்றவர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு டொக்டர் வந்து பார்த்தார். ராமையா அண்ணனுக்கு அதற்குள் காய்ச்சல். கால் முழங்கால் வரை வீங்கி, புண்ணின் நடுவில் எலும்பு தெரிந்தது. டொக்டர் தாமதிக்காமல் தன் வாகனத்திலேயே அவரை ஏற்றினார். போகுமுன் என் காலையும் பார்த்தார்.

"இது இப்பிடியே உள்ளுக்கை இறங்கினா உங்கட காலையும் எடுக்க வேண்டி வரும்" என்றார். பிறகு மிஸ்ஸியிடம், "ஈரத்தில வளருற கிருமி இது. எங்கையோ ஒரு ஈரம் இருக்கு. அதைப் பிடியுங்கோ" என்றார்.

அன்றிரவு நான் மெசினின் மிதியில் காலை வைத்தபடி அழுதேன். ஒரு காலால் மிதிக்கலாமா என்று மிதித்தும் பார்த்தேன். சக்கரம் பாதியில் நின்று பின்னால் சுற்றியது.

ராமையா அண்ணனின் காலை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்றுதான் நான் துணிக் கடகத்தோடு போனேன். வெளியே மழை. மிஸ்ஸி கடகத்தை வாங்கி, ஒரு சுருளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த மழையில எங்க காயவிட்டனீங்கள்?"

"அடுப்படிக் கொடியில. பிறகு மினுக்கினனான். நெருப்பெடுக்கிற சூடு மிஸ்ஸி."

"எங்கையோ ஒரு ஈரம் இருக்கெண்டு டொக்டர் சொன்னவர். எல்லாற்ற காலிலயும் பொதுவா இருக்கிறது உங்கட துணி."

"நான் பொய் சொல்லேல்லை."

"முதல்நாள் சொன்னனீங்கள்."

மிஸ்ஸி கடகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய், தாழ்வாரத்தில் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் சுருள் சுருளாகப் போட்டார். வாங்கில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நெருப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். ராமையா அண்ணனின் காலைத் தின்றவள் நான்தான் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. வெறுங்கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், அதற்குப் பிறகு களஞ்சியத்துப் பக்கம் போகவேயில்லை.

காலை என்ன செய்வது? வீம்புக்கு எதையாவது செய்ய வேண்டும். தண்ணீரைக் குமிழி வர அவித்து, கல்லுப்புப் போட்டு, ஆறவிட்டு அதனால் கழுவினேன். மிஸ்ஸி எரித்த அதே சீலைத் துணியின் மிச்சத்தை மினுக்கி, சூடு ஆறுமுன் சுற்றினேன். என் துணி சுத்தம் என்று யாருக்கும் காட்ட அல்ல, எனக்கே காட்ட. முதல் கிழமையில் பச்சை வெளிறியது. அடுத்ததில் மணம் போனது. பிறகு புண்ணின் அடியில் சிவப்பாகச் சதை அரும்பத் தொடங்கியது. அக்கா கற்பூரம் கொளுத்தினா.

அந்த நேரத்தில்தான் மிஸ்ஸி எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வராமல் நின்றவளின் கால் அழுகியிருக்கும், இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்து வந்திருக்கிறார். பிறகு அவரே சொன்னார்.

"காலைக் காட்டுங்கோ."

"என்ர துணிதான் எரிஞ்சு போச்சே. இன்னும் என்ன பாக்கக் கிடக்கு?"

"பேசுங்கோ. பேசிக்கொண்டு காட்டுங்கோ."

காட்டினேன். அவிழ்த்து மணந்தார். கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் மணந்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

"ஆர் மருந்து தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை. உப்புத் தண்ணி."

"வாயால சொல்லாதேங்கோ" என்றவர் எழுந்து எங்கள் குசினிக்குள் போனார். பானையை மணந்தார், உப்புச் சிரட்டையை மணந்தார், அடுக்கில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து எடுத்து வைத்தார். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "களவு பிடிக்க வந்தவாவோ?" என்று கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றும் கிடைக்காமல் வந்து நிலத்தில் இருந்தார். என் துணிச் சுருள் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, எங்களோடு அல்லாமல் தன்னோடு பேசுவதுபோலப் பேசினார்.

"அதே சீலைத் துணி. அதே குளத்துத் தண்ணி. அதே கால். அங்க வாறவைக்குப் பச்சை, இங்க பச்சை இல்லை. அங்க இருக்கிற என்னது இங்க இல்லை?"

நான் அவிழ்த்த கட்டைத் திரும்பச் சுற்றத் தொடங்கினேன்.

மிஸ்ஸியின் கை துணியை உருட்டுவதை நிறுத்தியது. "என்ர மருந்து" என்றார்.

என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனார். "நான் தனிய பாத்தா, பிறகு நான் பாத்ததை நானே நம்பமாட்டன். நீங்களும் பாருங்கோ" என்றார். கழுத்துக் கயிற்றைக் கழற்றி அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்தார். தக்கையைப் பிடுங்கி அதன் அடியை என் மூக்கில் பிடித்தார். மேலே மருந்து மணம். அதற்குக் கீழே, தப்பாமல், அந்தப் பழ மணம். சுண்டுவிரலைப் போத்தல் கழுத்துக்குள் விட்டு எடுத்தார். பாசி பிடித்த கல்லைத் தொட்டதுபோல விரல் வழுவழுத்தது.

அப்போதுதான் அந்தப் போத்தலின் கதையைச் சொன்னார். மருந்து வருவது குறையக் குறைய அவர் தண்ணீரைக் கூட்டியிருக்கிறார். அக்கா சொன்னதில் பாதி சரி. விற்கவில்லை, எங்கள் எல்லோருக்கும் மருந்து போதுமாகக் காண வேண்டுமே என்று கலக்கியிருக்கிறார். அவித்து ஆறவிட்ட தண்ணீர்தான். ஆனால் போத்தலை ஒருநாளும் அடிவரை கவிழ்த்ததில்லை. அடியில் கிடக்கிற மருந்தைக் கொட்ட அந்தக் காலத்தில் யாருக்கு மனம் வரும்? மிச்சத்தின் மேல் புதுசை ஊற்றி, அதன் மிச்சத்தின் மேல் இன்னும் புதுசை ஊற்றி, மழைக்கு முந்திய மருந்து மழைக்குப் பிந்திய மருந்தோடு அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது. மருந்து நீர்த்து நீர்த்து, கிருமியைக் கொல்லுகிற பலம் போய், தக்கையில் குடியிருந்தது கீழே இறங்கி வளர்ந்துவிட்டது. எங்கள் கொடி, எங்கள் கோழி, எங்கள் பானை எல்லாவற்றையும் மணந்தவர் அதை மட்டும் மணந்து பார்க்கவில்லை. மருந்தை யார் மணப்பார்கள்? அது மருந்து மணம்தான் மணக்கும்.

"நான் பூட்டி வைச்சதைத்தான் உங்களுக்கு ஊத்தியிருக்கிறன்" என்றார். எரித்த துணிக்கு மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. எனக்கு அப்போது அது பெரிதாகவும் தெரியவில்லை.

போத்தலும் தக்கையும் குளக்கட்டின் பின்னால் இருந்த கிடங்குக்குப் போயின. அடுத்த நாள் வாங்கில் இருந்த எல்லோருக்கும் மிஸ்ஸி நடந்ததை நடந்தபடி சொல்லி, இனி உப்புத் தண்ணீரால்தான் கழுவுவேன் என்றார். நம்புவார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒருவரும் நம்பவில்லை. யாரோ மருந்தை மாற்றிவிட்டார்கள், மிஸ்ஸி அந்த ஆளை மறைக்கிறா என்றார்கள். புது மருந்தை விற்றுவிட்டு உப்புத் தண்ணீருக்குச் சாட்டுச் சொல்கிறா என்றார்கள். இவ்வளவு காலமும் அவரிடமே பழகிய சனம், வேறு எப்படி யோசிக்கும்? ஆனால் உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு காலாகப் பச்சை போனது. என் புண் மாறத் தைப்பொங்கல் தாண்டியது. இன்றைக்கும் அந்த இடத்தில் தோல் காகிதம்போல மினுங்கிக்கொண்டு கிடக்கிறது, அதற்குக் கீழே மெசின் ஓடுகிறது.

ராமையா அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், அவரிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்றார் மிஸ்ஸி. அக்கா என்னைத் தனியே இழுத்து, "சொல்லப் போகேல்லை. அந்த மனிசன் ஒருத்தருக்கும் வாய் திறக்காமப் பண்ணப் போறா. நீயும் போ" என்றா. நானும் போனேன். அக்காவின் பேச்சை நம்பிப் போனேனா, மிஸ்ஸிக்குத் துணையாகப் போனேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

ராமையா அண்ணன் தன் ஓலைக் கொட்டிலுக்கு வெளியே சாக்குக் கட்டிலில் இருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மனைவி வயலுக்குப் போயிருந்தா. எங்களைக் கண்டதும் எழும்ப முயன்று, முடியாமல், கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்க மிஸ்ஸி. வாங்கக்கா."

மிஸ்ஸி இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். "ராமையா, உங்கட காலில பச்சை வந்தது என்ர மருந்தால. போத்தலுக்கை கிருமி வளந்து கிடந்தது. நான் பாக்கேல்லை. மற்ற எல்லாத்தையும் பாத்தனான், அதைப் பாக்கேல்லை. நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை."

ராமையா அண்ணன் தன் கால் இருந்த இடத்தைப் பார்த்தார். நான் அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்றும் நினைத்தேன்.

"எனக்குத் தெரியுங்க மிஸ்ஸி" என்றார்.

"என்ன தெரியும்?"

"மருந்துல ஏதோ கோளாறுன்னு. மொதல்ல நீங்க ஊத்துனா சுரீர்னு எரியும்ங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். மழைக்கு முந்தியே எரிவு நின்னு போச்சு. பச்சத் தண்ணி ஊத்துற மாதிரி இருந்துச்சு. வீட்டுல அவகிட்டகூடச் சொன்னேன், இது மருந்தே இல்ல புள்ளன்னு."

எனக்கும் அப்படித்தான் எரிவு நின்றிருந்தது. புண் ஆறுகிறது, அதனால்தான் எரியவில்லை என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

மிஸ்ஸி மெதுவாகக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லலாம்னு ரெண்டு மூணு வாட்டி வாயெடுத்தேங்க." ராமையா அண்ணன் மரியாதையாகவே சொன்னார். "சொன்னா நம்பியிருப்பீங்களா மிஸ்ஸி?"

மிஸ்ஸி இந்த ஒரு தடவையாவது பொய் சொல்லட்டும், ஓம் நம்பியிருப்பன் என்று சொல்லட்டும் என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

"இல்லை" என்றார். "நீங்களும் கட்டை அவிட்டு இலை வைச்சுப்போட்டு, மருந்தில பழி போடுறீங்கள் எண்டுதான் நினைச்சிருப்பன்."

ராமையா அண்ணன் தலையாட்டினார்.

"அதாங்க மிஸ்ஸி. என்னை ஒருத்தனையாவது நம்புறீங்களே, அதையும் ஏன் கெடுத்துக்கணும்னுதான் சொல்லல."